பிராணவாயுவும் நஞ்சாகுமா?

மூச்சை ஊதச் சொல்லி நுரையீரலின் நிலையை அறியும் விந்தை

கிணற்றில் தூர் வார இறங்கும் முன், மதுரைச் சீமைப் பெரியவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். அரிக்கேன் விளக்கை ஏற்றுவார்கள். அதைக் கயிற்றில் கட்டி, மெள்ள மெள்ளக் கிணற்றுக்குள் விடுவார்கள். ஊரே எட்டிப் பார்க்கும்.

விளக்கு அடிவரை எரிந்துகொண்டே போனால், ஆள் இறங்குவான். பாதியில் அணைந்துவிட்டால், யாரும் இறங்கமாட்டார்கள். அடியில் கெட்ட காற்று தேங்கியிருக்கிறது, பிராணவாயு இல்லை என்று பொருள்.

இந்தக் காலத்தில் விளக்கை மட்டும் நம்பக் கூடாது. விளக்கை அணைக்காத விஷ வாயுக்களும் உண்டு. விளக்குப் பட்டதும் தீப்பற்றும் வாயுக்களும் உண்டு. கருவி வைத்துப் பார்ப்பதே பத்திரம். ஆனாலும் அந்த விளக்கு சொன்ன பாடம் சரியானதுதான். பிராணவாயு குறைந்தால் உயிருக்கு ஆபத்து.

2021-ம் ஆண்டு மே மாதத்தை மதுரை மறக்குமா? கொரோனா நோயின் கொடுமையில், ராஜாஜி அரசு ஆஸ்பத்திரியிலும் தோப்பூர் ஆஸ்பத்திரியிலும் கட்டில் கட்டிலாக நோயாளிகள் மூச்சுக்குத் தவித்தார்கள். ரயில் வண்டியில் பிராணவாயு டாங்கிகள் கூடல் நகருக்கு வந்து இறங்கின. அன்று அது அமுதமாகத் தெரிந்தது.

சரி, அந்த அமுதம் மிஞ்சினால்?

“பிராணவாயு மிஞ்சினால் என்ன கெட்டுவிடும்?” என்று நீங்கள் கேட்கலாம். கெடும்! அதை 100 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எவ்வளவு கெட்டது என்பதை, நோயாளி விடும் மூச்சிலேயே பார்க்க இப்போது வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது.

மெழுகுவத்தி தந்த எச்சரிக்கை

இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்று ஒரு பாதிரியார் இருந்தார். விஞ்ஞானத்தில் பித்துக்கொண்டவர். 1774-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, பூதக் கண்ணாடியால் வெயிலைக் குவித்து, பாதரசத்திலிருந்து உண்டான ஒரு சிவப்புப் பொடியைச் சூடாக்கினார். அதிலிருந்து ஒரு வாயு கிளம்பியது. அதற்குள் மெழுகுவத்தியைக் காட்டினார். சுடர் குபீரென்று பிரகாசித்தது! எலியை விட்டுப் பார்த்தார். சாதாரணக் காற்றில் அடைத்த எலியைவிட அது அதிக நேரம் உயிரோடு இருந்தது.

அதுதான் பிராணவாயு. ஆக்சிஜன் என்று பின்னால் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர்.

பிரீஸ்ட்லி சந்தோஷப்பட்டதோடு நிற்கவில்லை. ஒரு சந்தேகமும் கிளப்பினார். இந்த வாயுவில் மெழுகுவத்தி சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடுகிறதே, மனிதனின் ஆயுளும் இப்படிச் சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று எழுதிவைத்தார்.

அவர் சந்தேகம் முழுக்க வீண் போகவில்லை. 1878-ல் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு நிபுணர், அழுத்தம் மிகுந்த பிராணவாயுவில் பிராணிகளுக்கு வலிப்பு வருவதைக் காட்டினார். 1899-ல் லோரெய்ன் ஸ்மித் என்ற டாக்டர் இன்னொன்றைக் காட்டினார். அழுத்தம் அவ்வளவு இல்லாவிட்டாலும், நெடுநேரம் பிராணவாயுவைச் சுவாசித்த எலிகளின் நுரையீரல், நிமோனியா கண்டதுபோல் வீங்கிவிட்டது.

அழுத்தம் மிகுந்தால் மூளைக்குக் கேடு. நேரம் நீண்டால் நுரையீரலுக்குக் கேடு. இந்த இரண்டு விதிகளும் இன்றுவரை மாறவில்லை.

தன் உடம்பையே சோதனைச் சாலை ஆக்கியவர்

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜே. பி. எஸ். ஹால்டேன். ஆங்கிலேயர். பெரிய விஞ்ஞானி.

1939-ம் ஆண்டு ஜூன் மாதம், ‘தீட்டிஸ்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் மாண்டார்கள். மூழ்கிய கப்பலில் மூச்சு என்ன ஆகிறது என்று ஆராய ஹால்டேன் முன்வந்தார். எலியையும் ஆட்டையும் நம்பி இருக்கவில்லை. தாமே இரும்பு அறைக்குள் போய் உட்கார்ந்தார். அழுத்தத்தை ஏற்றச் சொன்னார். பிராணவாயுவைச் சுவாசித்தார்.

விளைவு? வலிப்பு வந்தது. அந்த வேகத்தில் முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி பல காலம் அவரை விடவில்லை. அப்படியும் அவர் ஓயவில்லை. பிராணவாயுவுக்குச் சுவையே கிடையாது என்பார்கள். அழுத்தம் ஏறினால் அதற்கும் ஒரு சுவை உண்டு என்று 1941-ல் எழுதினார்!

1957-ல் ஹால்டேன் இந்தியாவுக்கே குடிவந்துவிட்டார். கல்கத்தாவிலும் பிறகு புவனேசுவரத்திலும் வேலை பார்த்தார். இந்தியக் குடிமகனாகவே ஆனார். 1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி காலமானார். உயிரோடு இருந்தபோது விஞ்ஞானத்துக்குக் கொடுத்த உடம்பை, இறந்த பிறகும் விஞ்ஞானத்துக்கே கொடுத்தார். அது ஆந்திராவில் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

முத்தும் சங்கும்

மதுரையை ஆண்ட பாண்டியர்களுக்குக் கொற்கை முத்து பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்த முத்துக்காகக் கடலில் மூழ்கியவர்கள், மூச்சை அடக்கிக்கொண்டு கல்லைப் பிடித்து இறங்கினார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

சங்கு குளிப்பது மட்டும் நிற்கவில்லை. இப்போது மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவோர் குறைவு. படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து நீண்ட குழாய் வரும். அதை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கடலடியில் சங்கு தேடுகிறார்கள்.

ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்துவிடும். வேகமாக மேலே வந்தால் என்ன ஆகும்? சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரை பொங்குகிறதல்லவா? அப்படி ரத்தத்தில் குமிழ்கள் கிளம்பும். மூட்டு வலிக்கும். சிலருக்குக் கால் விழுந்துவிடும். சிலருக்கு உயிரே போகும்.

இதற்கு வைத்தியம், ஆளை அழுத்த அறைக்குள் வைத்துப் பிராணவாயு கொடுப்பது. எந்தப் பிராணவாயு அளவு மீறினால் கெடுக்குமோ, அதே பிராணவாயு அளவோடு கொடுத்தால் காப்பாற்றுகிறது!

இரும்பு அறைக்குள் வைத்தியம்

இந்த வைத்தியத்தைக் கடலில் மூழ்குகிறவர்களுக்கு மட்டும் செய்வதில்லை. கரிப்புகை விஷம் ஏறியவர்கள், புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்துகொண்ட இடத்தில் புண் ஆறாதவர்கள், சர்க்கரை வியாதியால் காலில் புண் ஆறாமல் கிடப்பவர்கள் - இப்படிப் பலருக்கும் டாக்டர்கள் இதைச் சொல்வதுண்டு.

சுற்றுப்புறக் காற்றில் 100 பங்கில் 21 பங்குதான் பிராணவாயு. அறைக்குள் கிடைப்பது சுத்தமான பிராணவாயு. அதுவும் சாதாரணக் காற்றைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில். 2.4 மடங்கு என்றால், 14 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் இருப்பதற்குச் சமம். நிறைந்து ததும்பும் 46 அடிக் கிணற்றின் அடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அழுத்தத்தில் பிராணவாயு ரத்தத்தின் நீரிலேயே கரைந்து ஓடும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து டாக்டர் பூரெமா 1960-ல் இதை உலகத்துக்குக் காட்டினார். பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பு அணுக்களை அநேகமாக முழுதும் எடுத்துவிட்டு, அழுத்த அறையில் பிராணவாயு கொடுத்து அவற்றை உயிரோடு வைத்திருந்தார்!

ஒரு தடவைக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். புண்ணுக்கு என்றால் 20 தடவை, 30 தடவை, சிலருக்கு 40 தடவைகூடப் போக வேண்டியிருக்கும். இங்கேதான் கேள்வி எழுகிறது. கால் புண்ணை ஆற்றப் போய், நுரையீரலைப் புண்ணாக்கிக்கொள்ளக் கூடாதல்லவா?

கூட வந்த மருமகள் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

“டாக்டர் ஐயா, மாமாவுக்கு நல்ல காற்றுத்தானே கொடுக்கிறீர்கள்? நடுநடுவே ஏன் முகமூடியைக் கழற்றிவிடுகிறீர்கள்? பணம் கட்டியிருக்கிறோமே!”

“நல்ல காற்றுத்தான் அம்மா. சோறுகூட நல்லதுதான். அதற்காக ஒரே மூச்சில் மூன்று படிச் சோறு தின்ன முடியுமா? இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்று. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் ஓய்வு.”

அந்த ஐந்து நிமிஷம் வீணல்ல. அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

நுரையீரல் ஏன் புண்ணாகிறது?

நம் நுரையீரலுக்குள் சுமார் 30 கோடி சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் சோப்புக் குமிழியைப்போல் மெல்லியது. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு வீட்டின் தரையையே மூடிவிடும். உள்ளே வரும் பிராணவாயு முதலில் படுவது அந்த மெல்லிய சுவரில்தான்.

இரும்பு துருப்பிடிக்கிறது. நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறது. எல்லாம் பிராணவாயுவின் வேலை. நம் உடம்புக்குள்ளும் அது அந்த வேலையைச் செய்யப் பார்க்கும். உடம்பு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். பிராணவாயு அளவு மீறி வந்தால் தடுக்கும் சக்தி தோற்றுவிடும். சுவர் வீங்கும், நீர் கோக்கும்.

முதலில் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கரகரப்பு. பிறகு வறட்டு இருமல். ஆழ மூச்சு இழுத்தால் எரிச்சல். அதற்கும் மேலே போனால் மூச்சு முட்டல். ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டால், அநேகமாகத் தானாகவே சரியாகிவிடும்.

வைகையில் தண்ணீர் அளவாக வந்தால் வயல் விளையும். கரை புரண்டு வந்தால் வயலே போகும். அப்படித்தான் இதுவும்.

மார்க்குப் போடும் கணக்கு

எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? 1970-ம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் லாம்பர்ட்சன் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள்.

சாதாரண அழுத்தத்தில் சுத்தமான பிராணவாயுவை ஒரு நிமிஷம் சுவாசித்தால் 1 மார்க்கு. அழுத்தம் ஏறினால் மார்க்கும் ஏறும். 2.4 மடங்கு அழுத்தத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 மார்க்கு. ஆகவே 90 நிமிஷத்துக்குச் சுமார் 270 மார்க்கு.

இது பரீட்சை மார்க்கு அல்ல. ஏற ஏற ஆபத்து! ஒரே மூச்சில் 615 மார்க்கு ஏறினால், சராசரி ஆளின் மூச்சுக் கொள்ளளவு நூற்றுக்கு 2 பங்கு குறையும். 1,425 ஏறினால் நூற்றுக்கு 10 பங்கு குறையும். ஆகவே ஒரு தடவை வைத்தியத்தின் 270 பயப்படும் அளவல்ல என்று தெரிகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. நடுவே விட்ட ஓய்வை இது சரியாகக் கணக்கில் எடுக்காது. இரவில் நுரையீரல் தேறிக்கொள்வதையும் பார்க்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கு ஆள் தாங்கும் சக்தி வேறு. பீடி பிடித்த நெஞ்சும் பிடிக்காத நெஞ்சும் ஒன்றாகுமா? ஆகவே கணக்குப் போட்டால் போதாது. ஆளையே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஊதுங்கள், பார்ப்போம்!

ஆளைச் சோதிக்கும் பழைய வழி, ஊதச் சொல்வது. இங்கிலாந்து டாக்டர் ஜான் ஹட்சின்சன் 1846-ல் இதற்கென ஒரு கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். இன்றைக்கு அது கைக்கு அடக்கமாக வந்துவிட்டது. ஆஸ்துமாக்காரர்கள் பலர் அதில் ஊதியிருப்பார்கள்.

மூக்கை இடுக்கியால் அடைப்பார்கள். மூச்சை நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்வார்கள். பிறகு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். மூச்சு தீரும் வரை நிறுத்தக் கூடாது. குறைந்தது மூன்று தடவையாவது ஊதச் சொல்வார்கள்.

மொத்தம் எத்தனை லிட்டர் காற்று வந்தது? முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது? இந்த இரண்டும் முக்கியம். நாதஸ்வரக்காரருக்கு மூச்சு எவ்வளவு நிற்கிறது என்று ரசிகர்கள் கவனிப்பதில்லையா? அதைத்தான் இந்தக் கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது.

பல தடவை அழுத்த அறைக்குப் போய் வந்தவர்களை இப்படி ஊதவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஆராய்ச்சிகளில் சிறிய காற்றுக் குழாய்களின் வேகம் கொஞ்சம் குறைந்தது தெரிந்தது. வேறு சிலவற்றில் குறைவே தெரியவில்லை. முறைப்படி ஓய்வு விட்டுக் கொடுத்தால், பெரும்பாலோருக்குப் பெரிய கெடுதல் இல்லை என்பது ஆறுதல் தரும் செய்தி.

ஆனாலும் இந்தக் கருவிக்கு ஒரு குறை. இன்று ஊதியதற்கும் நாளை ஊதுவதற்கும், நல்ல ஆளுக்கே சிறிது வித்தியாசம் வரும். நூற்றுக்கு 2 பங்கு குறைந்தால் அந்த வித்தியாசத்தில் மறைந்துபோகும். வீட்டில் தீப்பிடித்து ஓடு வெடித்த பிறகு மணி அடிப்பதில் என்ன பயன்? புகை கிளம்பும்போதே தெரிய வேண்டாமா?

மூச்சின் வாடை

அந்தப் புகையைத் தேடித்தான் டாக்டர்கள் மூச்சின் வாடைக்குப் போயிருக்கிறார்கள்.

மூச்சில் வாடை இருக்கிறது என்பது புதிய சங்கதி அல்ல. சர்க்கரை வியாதி முற்றினால் மூச்சில் பழ வாடை வீசும் என்பது டாக்டர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரைப் போலீசார் ஊதச் சொல்வதும் இதே தத்துவம்தான். 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங், ஒரு மனிதனின் மூச்சில் சுமார் 250 வகைப் பொருள்கள் இருப்பதாகக் காட்டி வியக்கவைத்தார்.

இப்போது அடுப்படிக்கு வாருங்கள். தீபாவளி முறுக்கு டப்பாவில் நாள்பட்டுக் கிடந்தால் என்ன ஆகிறது? சிக்கு வாடை அடிக்கிறது. எண்ணெயில் உள்ள கொழுப்பைக் காற்றிலுள்ள பிராணவாயு சிதைத்துவிட்டது என்று அர்த்தம். முறுக்கைத் தின்றுபார்க்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தாலே மூக்கு சொல்லிவிடும்.

நுரையீரலின் மெல்லிய சுவரிலும் கொழுப்பு இருக்கிறது. பிராணவாயு மிஞ்சினால் அதுவும் அப்படியே சிதையும். அப்போது ஆவியாகும் பொருள்கள் மிக நுட்பமான அளவில் உண்டாகி, மூச்சோடு வெளியே வரும். நூறு கோடிப் பங்கில் சில பங்கு. மனித மூக்குக்கு எட்டாது. ஆனால் கருவிக்கு எட்டும்!

டச்சு நாட்டுக் கடற்படை டாக்டர்கள் சமீப காலத்தில் இதைத்தான் செய்தார்கள். கடலில் மூழ்குவோருக்குப் பிராணவாயு கொடுத்து, பிறகு அவர்கள் விட்ட மூச்சைப் பிடித்துவைத்தார்கள். அதைக் கருவியில் ஏற்றி, பொருள் பொருளாகப் பிரித்தார்கள். கொழுப்புச் சிதைவோடு சம்பந்தப்பட்ட சில பொருள்கள் மாறுவது தெரிந்தது.

வேறு வழிகளும் உண்டு. மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அளக்கிறார்கள். பிராணவாயு வைத்தியத்துக்குப் பின் அது குறைவதைச் சில ஆராய்ச்சிகள் காட்டின. குளிர்ந்த குழாயில் மூச்சை விடச் சொல்லி, படியும் நீர்த்துளிகளைச் சோதிப்பதும் உண்டு.

ஊசி இல்லை. ரத்தம் எடுப்பதில்லை. ஊதினால் போதும்! ஆனால் ஆஸ்பத்திரியில் நாளும் நம்பி எடுக்கும் சோதனையாக இது இன்னும் ஆகவில்லை. காலையில் தின்ற பூண்டும், பிடித்த சிகரெட்டும், அறையின் காற்றும் மூச்சில் கலந்து குழப்பும். சோதித்துப் பார்த்த ஆட்களும் குறைவு. வழி தெரிகிறது, பாதை இன்னும் போட்டு முடியவில்லை.

பச்சைக் குழந்தையின் கண்

பிராணவாயுவின் அளவை மதிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு சாட்சி பச்சைக் குழந்தைகள். 1940-களில் மேல்நாடுகளில் குறை மாதத்தில் பிறந்த பல குழந்தைகள் குருடாயின. காரணம் புரியாமல் டாக்டர்கள் திகைத்தார்கள். 1951-ல் ஆஸ்திரேலியாவில் கேட் காம்ப்பெல் என்ற பெண் டாக்டர், அளவு மீறிக் கொடுத்த பிராணவாயு காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். பிறகு வந்த சோதனைகள் அதை ஊர்ஜிதம் செய்தன.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் விழித்திரை நிபுணர்கள், குறை மாதக் குழந்தைகளின் கண்களையும் சோதிக்கிறார்கள். இதைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை அவசியம். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

உங்கள் வீட்டில் யாருக்காவது அழுத்த அறை வைத்தியம் சொன்னால், கீழ்க்கண்டவற்றை மறக்காதீர்கள்.

ஒன்று: பழைய நோய்களை மறைக்காதீர்கள். ஆஸ்துமா, காசநோய், நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்தது, வலிப்பு, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், காது வலிக்கும்.

இரண்டு: நெஞ்சில் கரகரப்போ, புதிய இருமலோ வந்தால், “இது சாதாரண இருமல்தான்” என்று விழுங்கிவிடாதீர்கள். அடுத்த தடவைக்கு முன் சொல்லுங்கள். மூச்சு விடும் கருவியில் ஊதிப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள். கேட்பது தப்பல்ல.

மூன்று: பிராணவாயுவில் தீ வெகு வேகமாகப் பற்றும். தீப்பெட்டி, லைட்டர், செல்போன், தலையில் எண்ணெய் எதுவும் அறைக்குள் ஆகாது. பருத்தித் துணியே நல்லது.

நான்கு: சர்க்கரை வியாதிக்காரர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.

ஐந்து: புண்ணைக் கழுவிக் கட்டுவதும், சர்க்கரையை அடக்குவதும்தான் முதல் வைத்தியம். அழுத்த அறை அதற்குத் துணை. எல்லாப் புண்ணுக்கும் அது தேவையும் இல்லை; எல்லாருக்கும் பலிப்பதும் இல்லை.

ஆறு: வீட்டில் சிலிண்டர் இருக்கிறதே என்று நீங்களாகவே திருகைத் திறந்து கூட்டாதீர்கள். நெடுநாள் நெஞ்சு நோய்க்காரர் சிலருக்குப் பிராணவாயு கூடினால் மூச்சே மந்தமாகிவிடும். டாக்டர் சொன்ன அளவே அளவு.

அன்று கிணற்றுக்குள் விளக்கை விட்ட பெரியவர், இறங்கப் போகிறவனின் உயிரை எண்ணிக் கயிற்றைப் பிடித்திருந்தார். இன்று மூச்சை ஊதச் சொல்லும் டாக்டரும் அதே கயிற்றைத்தான் பிடித்திருக்கிறார். அவர் ஊதச் சொன்னால், வெட்கப்படாமல் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதுங்கள்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டி சொன்னது, பிராணவாயுவுக்கும் பொருந்தும்!